உதயாவின் வாட்ச்

"யக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. உன் மருமவளுக்கு டெய்லி மத்தியானம் ஒரு போன் வருது."

மீன் கூடையை இறக்கி வைக்கக்கூட விடாமல் கன்னியம்மாவை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் பக்கத்து வீட்டு நர்மதா. திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு சேதி நர்மதா காதுக்கு வந்துவிட்டால் அப்புறம் மைக் செட் தேவையில்லை.

"வந்தா இன்னா? அவ அண்ணங்காரன் பேசுவான்."

"அவ போன்ல வந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? உதயாவோட ஸ்மார்ட் வாட்ச் கீதுல்ல, போன் வந்தா அடிக்குமே, அது அடிக்குது. கட்டிக்க ஆளில்லாம அலமாரில கெடக்குற வாட்ச்! அது அடிச்சதும் செய்யிற வேலைய வுட்டுட்டு ஓடுறா. எடுத்து நெஞ்சோட வச்சுக்கினு கதவ சாத்திக்கிறா."

கன்னியம்மாவின் முகம் மாறியது.

உதயா அவளுடைய ஒரே மகன். போன ஐப்பசியில் கடலுக்குப் போனவன் பிணமாகத்தான் கரைக்கு வந்தான். உப்புத்தண்ணி பட்டால் கெட்டுவிடும் என்று போனையும் வாட்சையும் எப்போதும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போட் ஏறுவான். அன்றைக்கும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனான்.

காரியம் முடிந்த மறுநாளே கன்னியம்மா கூடையோடு காசிமேடு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவன் போனைச் சத்தம் வராமல் பண்ணி பீரோவில் வைக்கச் சொன்னாள். "போனவன் போயிட்டான். இந்த வூட்ல இனிமே அவன் பேச்ச எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று குப்பமே பேசியது.

"இன்னொண்ணு யக்கா," நர்மதா குரலைத் தாழ்த்தினாள். "செத்தவன் நம்பருக்கு மதி போன் கடையில மாசாமாசம் ரீசார்ஜ் பண்றாளாம். யாரு பேசுறதுக்குன்னு நீயே யோசிச்சுக்கோ."

கன்னியம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். மருமகள் பவானி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானத்துல யாருடி போன் பண்றது?"

பவானியின் கை அப்படியே நின்றது. "யாரும் இல்ல அத்த."

"அப்போ உதயா நம்பருக்கு எதுக்கு ரீசார்ஜ்?"

பவானி குனிந்து தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"வாயத் தொறந்து சொல்லு. எவன் அவன்?"

"அப்டியெல்லாம் ஒண்ணும் இல்ல அத்த." கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"சரி. நாளைக்கு நான் மார்க்கெட்டுக்குப் போவல. நானே பாக்குறேன். விஷயம் நெசம்னு மட்டும் தெரிஞ்சுது, உங்க அண்ணனை வரச்சொல்லிடுவேன். சடையங்குப்பத்துக்கே போய்ச் சேரு."

அதுதான் பவானியின் பயம். மழை வந்தால் தண்ணீரில் நிற்கும் ஒற்றை அறையில் அண்ணன் குடும்பமே நெருக்கிக்கொண்டு படுக்கிறது. அதைவிட, உதயா இருந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. ராத்திரி முழுக்க அழுதாள். அப்போதும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் அலமாரிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள் கன்னியம்மா. மத்தியானம் வந்தது, போனது. வாட்ச் அடிக்கவில்லை.

"இன்னா, நான் வூட்ல கீறேன்னு அவனாண்ட சொல்லிட்டியா?"

பவானி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நாளும் அடிக்கவில்லை. காபித்தூள் கேட்கிற சாக்கில் நர்மதா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மத்தியானம் கன்னியம்மாவுக்கே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், அலமாரியைப் பார்த்தாள். "தோ வரேன்" என்று வீட்டுக்குப் பின்பக்கம் போனாள்.

அவள் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் வாட்ச் அடித்தது.

பவானி ஓடினாள். அதைவிட வேகமாகப் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள் கன்னியம்மா. மருமகளைத் தள்ளிவிட்டு வாட்சைப் பறித்தாள்.

"மாட்டுனியாடி! யாருன்னு இப்போ பாத்துடறேன்!"

சத்தம் கேட்டு நர்மதா வாசலில் ஆஜர். "பேரு வருதா யக்கா? யாரு?"

கன்னியம்மா வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பவானிதான் வாசலுக்குப் போனாள். "ஒண்ணும் இல்லக்கா. நீ போ." நர்மதாவின் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.

கன்னியம்மாவின் ஒரு கையில் வாட்ச். அதில் 'அம்மா' என்று எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் அவளுடைய பழைய பட்டன் போன். உதயாவின் நம்பருக்கு இன்னும் ரிங் போய்க்கொண்டிருந்தது.

"இது... நான் போட்டா இங்க அடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. போன்தான் சத்தமில்லாம பீரோல கெடக்குதேன்னு இருந்தேன்." கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாவாரம் முடிஞ்சதும் 'சாப்ட்டியா நைனா'ன்னு கேட்டே பழகிட்டேன். மணியாச்சுன்னா கை தன்னால நம்பரப் போடுது."

மகன் போன பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். பவானி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் அத்த. மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுகினுமா சொல்லாம இருந்த? எவன் எவன்னு உன்ன என்னென்னவோ கேட்டேனேடி!"

"சொல்லிருந்தா வெக்கப்பட்டுக்கினு கூப்புடறத வுட்டுடுவ." பவானி அந்த வாட்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ கூப்புடற நேரத்துல அவர் பக்கம் யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்ல அத்த?"