முப்பத்தொன்பதாவது எண்

“வகுப்புல முப்பத்தெட்டுப் பிள்ளைங்கதான? க்ரூப்புல உன் நம்பர் போக எப்படி முப்பத்தொம்பது நம்பர் இருக்கு?”

தலைமையாசிரியை குல்சும் இப்படிக் கேட்டதும் ஆமிரா கையிலிருந்த போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். காயல்பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள் அவள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது.

“எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும் மேடம். மின்ஹாவோட உம்மா போன் பண்ணி, யாரு டீச்சர் இந்த சவுதி நம்பருன்னு கேட்டாங்க.”

“எத்தனை நாளா இருக்கான்?”

“ரெண்டு மாசமா.”

குல்சும் மேடம் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

தினமும் சாயங்காலம் ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைத் தன் குரலில் பதிந்து வாட்ஸ்அப் குழுவில் போடுவாள் ஆமிரா. பிள்ளைகள் அதைக் கேட்டு, தாங்களும் வாசித்து, தங்கள் குரலைத் திருப்பி அனுப்புவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மற்ற பள்ளிகளும் இதைச் செய்து பார்க்கட்டும் என்று மேடமே அவளை ஒரு விளக்கக் குறிப்பு எழுத வைத்து, எல்லாருக்கும் அனுப்பினார். அதன் அடியில்தான் ஆமிரா அந்தத் தவறைச் செய்திருந்தாள்.

“க்ரூப் லிங்க்க எதுக்குச் சேர்த்துப் போட்ட?”

“எப்படி நடக்குதுன்னு நேர்ல பாக்கட்டும்னு நினைச்சேன் மேடம். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்.”

“நம்பரைப் பார்த்ததும் சந்தேகம் வரலியா?”

“இந்த ஊர்ல பாதிப் பிள்ளைங்க வாப்பாவோட பழைய சவுதி நம்பர்லதான வாட்ஸ்அப் வச்சிருக்கு. இந்த நம்பருக்கும் பேரு கிடையாது, ஒரு ரோசாப்பூ படம் மட்டும். வீட்டுப்பாடத்த எழுதி, போட்டோ எடுத்து எனக்குத் தனியா வரும். நம்ம பிள்ளைதான்னு நானும் திருத்தி அனுப்பிட்டேன்.”

“முப்பத்தெட்டுப் பொம்பளப் பிள்ளைங்க சத்தம் எவனோ ஒருத்தன் கையில கிடக்கு ஆமிரா. இது வெளியே தெரிஞ்சா நாளைக்கு எத்தனை பேரு பிள்ளையை இங்கன அனுப்புவாங்க?”

தன் வேலை போனால்கூடப் போகட்டும் என்று ஆமிராவுக்குத் தோன்றியது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மேடம் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டு அவனைக் கூப்பிடு. நீ மட்டும் பேசு. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரிஞ்சா வச்சிருவான். நான் வாயே திறக்க மாட்டேன். அவன் சொல்லுறத ஒண்ணு விடாம எழுதிக்கிடுதேன். ஸ்டேஷன்ல கேப்பாங்க.”

ஆமிரா அந்த எண்ணை அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்.”

ஆணின் குரல்.

“வ அலைக்கும் ஸலாம். நீங்க யாரு? எங்க பிள்ளைங்க க்ரூப்புல என்ன செய்யுதீங்க?”

மேடத்தின் பேனா எதையும் எழுதாமல் நோட்டின் மேல் ஊன்றியபடி நின்றது.

“தப்புதான் டீச்சர். நானே முதல்ல சொல்லியிருக்கணும். பிள்ளைங்க அனுப்புற ஒண்ணைக்கூட நான் திறந்ததில்ல. உங்க பாடத்த மட்டும்தான் கேப்பேன்.”

“அதை நாங்க எப்படி நம்புறது? போலீசுக்குப் போகப்போறோம்” என்ற ஆமிரா, தைரியத்துக்காக மேடத்தைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. தன் மேல்தான் கோபம் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தாராளமா போங்க. பேரு, விலாசம் எல்லாம் தாரேன். நான் தம்மாம்ல ஒரு கம்பெனியில லாரி ஓட்டிக்கிட்டிருந்தேன். போன வருஷம் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. தினமும் இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும். எட்டாவதோட நின்னவன் டீச்சர் நான். எழுதலைன்னா ஊருக்கு அனுப்பிருவோம்னாங்க. அந்த நேரத்துலதான் உங்க லிங்க் வந்துச்சு. கம்பெனி குடுத்த புது நம்பர்ல சேந்துக்கிட்டேன். இப்ப ரிப்போர்ட்ட நானே எழுதுதேன். எங்க ‘வாஸ்’ வரும், எங்க ‘வேர்’ வரும்னுதான் இன்னும் சரியா பிடிபடல.”

“லிங்க் எப்படி உங்களுக்கு வந்துச்சு?”

“வீட்டுல இருந்துதான். நல்லா பாடம் எடுக்காங்கன்னு பெருமையா அனுப்பியிருந்தா. நான் அதை வச்சுப் படிக்கேன்னு அவளுக்குத் தெரியாது. நான் பி.காம்னுல்லா நினைச்சுக்கிட்டிருக்கா. நிக்காஹ் பேசும்போது எங்க வீட்டுல அப்படிச் சொல்லிட்டாங்க. ஆபீஸ் வேலைன்னும் சொல்லிட்டாங்க. பத்தொம்பது வருஷமா உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல.”

ஆமிராவின் குரல் இறங்கியது. “இருந்தாலும், பிள்ளைங்க இருக்கிற க்ரூப்புல உங்களை வச்சிருக்க முடியாதுங்க.”

“எடுத்திருங்க டீச்சர். கேஸ் குடுத்தாலும் வந்து நிக்கேன். அவளுக்கு மட்டும் தெரியாம பாத்துக்கிடுங்க. அது போதும்.”

“உங்க வீட்டுல யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“தெரியும் டீச்சர். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ்தான்.”

ஆமிரா வாயைத் திறப்பதற்குள் குல்சும் மேடம் அவள் காதருகே குனிந்து, “சொல்லமாட்டேன்னு சொல்லு” என்றார், மூச்சுக் காற்றாக. “பாடத்த இனிமே தனியா அனுப்புதேன்னும் சொல்லு.”