பட்டியலில் எல்லாம் இருக்கிறது

செசிலியாவின் மடிக்கணினி வெள்ளிக்கிழமைதோறும் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதி, தன் கோப்புகளின் நகல்களை வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கிடம், "எல்லாம் இருக்கா?" என்று கேட்கும். டிஸ்க் பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூடக் குறையல" என்று சொல்லும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஆறு மணி நேரமாகும். இரண்டுக்கும் அந்தப் பொறுமை இல்லை.

ஒருநாள் மடிக்கணினிமேல் காபி கொட்டி, அதிலிருந்ததெல்லாம் அழிந்தது. பழுது நீங்கித் திரும்பியதும் மடிக்கணினி, "செசிலியாவோட பையன் முதன்முதலா நடந்த வீடியோவைக் குடு" என்று டிஸ்க்கிடம் கேட்டது. டிஸ்க் அதை முதன்முறையாகத் திறந்தது. உள்ளே எல்லாம் சிதைந்திருந்தது.

"எப்பக் கெட்டுச்சு?"

"தெரியலையே. நீ இருக்கான்னு மட்டும்தானே கேட்ட."

"ஆமா. இருக்குன்னு நீ சொன்னதும் எனக்கும் அதுவே போதும்னு இருந்துச்சு."

செசிலியா வந்தாள். திரையில் பட்டியலைப் பார்த்தாள்.

"அப்பாடா, எல்லாம் இருக்கு! டேய், ஓடி வா, நீ முதல்ல நடந்ததைப் பார்க்கலாம்."