ஆறு காலிக் கட்டங்கள்

திரையில் ஆறு கட்டங்கள். ஆறும் காலி.

அவற்றில் போட வேண்டிய எண்கள் அவள் போனுக்கு வரவில்லை. அண்ணன் போனுக்குப் போயிருந்தன.

கணக்கு அவளுடையது. நம்பர் அவனுடையது.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அவன்தான் எல்லாம் போட்டுக்கொடுத்தான். மெயில், போட்டோ, காலண்டர், அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் நீலப் புள்ளி. "நீ ஒன்னும் பண்ண வேண்டாம் பாப்பா. தானா சேவ் ஆயிரும்."

தானாகவே ஆனது.

வீட்டில் படம் எடுப்பவள் அவள்தான். டிவி சும்மா இருக்கும்போது அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக ஓடும்படி அண்ணன் இணைத்திருந்தான். பொங்கலுக்கு மறுநாள் அக்குளில் ஒரு தடிப்பு. டாக்டரிடம் காட்டப் படம் எடுத்தாள். சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். குற்றால அருவி வந்தது. மாமாவின் புது வண்டி வந்தது. அடுத்து, நாற்பத்து மூன்று அங்குலத்தில், அவள் அக்குள்.

சித்தப்பா காபித் தம்ளருக்குள் பார்த்தார். அத்தைதான் சிரித்தாள்.

"ஏட்டி, போட்டோ புடிக்க வேற இடமே கெடைக்கலையா ஒனக்கு?"

அதைக்கூட விழுங்கிவிட்டாள்.

மெயிலை விழுங்க முடியவில்லை.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம் அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. ஏன் வரவில்லை என்று அவர்கள் போனில் கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. மெயில் குப்பைப் பெட்டியில் கிடந்தது. வந்த அன்றே யாரோ படித்திருந்தார்கள்.

யாரோ இல்லை. "அவ்ளோ தூரம் யாரு ஒன்னைய அனுப்பப் போறா? பாத்தா வருத்தப்படுவேன்னுதான்" என்றான் அண்ணன்.

அவள் கத்தவில்லை. அவளுக்குக் கத்த வராது.

அவள் வேலை பார்ப்பது கோவில்பட்டியில் ஒரு தண்ணீர் பரிசோதனைக்கூடம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. புதுக் கரைசல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் பழையதைக் கொட்டமாட்டார்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றவும் மாட்டார்கள்.

மாசியில், போனில் எழுதி வைத்த குறிப்புகளை அண்ணன் கைபடாத வேறொரு கணக்குக்கு மாற்றினாள். எதுவும் தொலையவில்லை.

பங்குனியில் காலண்டர். மாதவிலக்கு நாட்களுக்குப் பழையதில் அவள் வைத்த சிவப்புப் புள்ளிகள் அம்மாவின் போனிலும் தெரியும். கோயிலுக்குக் கிளம்பும் முன் அதைப் பார்த்துவிட்டு "நீ வர வேண்டாம்" என்பாள் அம்மா. இனி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உத்திரத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

சித்திரையில் மெயில். பூட்டிய மெயில். நடத்துகிறவர்களாலும் படிக்க முடியாது என்று போட்டிருந்தது. யாருடைய நம்பரையும் கேட்கவில்லை. கடவுச்சொல்லை பிராக்டிகல் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். அந்த நோட்டை வீட்டில் யாரும் திறந்ததே இல்லை.

முதல் மெயிலைத் தனக்கே அனுப்பினாள்.

வந்ததா?

வந்தது, என்று பதிலும் அவளே போட்டாள்.

பிறகு படங்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில், ஒரு நாளைக்கு மூன்று மாதத்துப் படங்கள் என்று. ஐந்து வாரம் ஆனது. நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் அவள் முகம் பன்னிரண்டில் இருந்தது. பன்னிரண்டிலும் தலை திரும்பியிருந்தது. கேமராவைப் பார்த்தால் அப்படித்தான்.

மிச்சம் இது ஒன்று. பழைய கணக்கை மூடுவது.

அதற்குத்தான் ஆறு எண்கள்.

ஹாலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். மீன் குழம்பு. டிவியில் கிரிக்கெட்.

"அண்ணே. ஒன் போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். சொல்லு."

அவன் இடது கையால் போனைத் திருப்பினான். படித்தான். சோறு கன்னத்திலேயே நின்றது.

"கணக்க மூடப் போறியா? எதுக்கு?"

"எனக்கு வேண்டாம்."

"ஒன் சர்டிபிகேட்டு, போட்டோ எல்லாம் அதுலதான கெடக்கு. எம்எஸ்ஸி படிச்சிட்டா ஆச்சா? வெவரம் பத்தாது பாப்பா ஒனக்கு."

போனைக் கவிழ்த்து வைத்தான்.

அப்பா அப்பளத்தை உடைத்தார்.

அந்த எண்களுக்கு ஆயுள் பத்து நிமிடம். அவள் நின்றாள். அம்மா "உக்காருட்டி" என்றாள். நின்றாள். அண்ணன் இரண்டாவது முறை ரசம் வாங்கினான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்து.

"சரி. நீயே வச்சுக்கோ."

உட்கார்ந்து தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

பரிசோதனைக்கூடத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. எல்லாவற்றையும் கொட்டினாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு குப்பியை விட்டுவைப்பார்கள். இன்று காலை பழைய கணக்கைக் காலி செய்தபோது அவளும் ஒன்றை விட்டுவைத்திருந்தாள்.

ஆட்டம் முடிந்தது. அண்ணன் கை கழுவிவிட்டு வந்தான். டிவி சும்மாவானது.

அருவி வரவில்லை. மாமாவின் வண்டி வரவில்லை.

ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். வெள்ளைப் பின்னணி. இழுத்து வாரிய தலை. இரண்டு காதும் தெரிந்தன. நாற்பத்து மூன்று அங்குலத்தில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு விநாடி.

மறுபடி அதே படம்.

மறுபடி.

அண்ணன் ரிமோட்டைத் தேடினான். அம்மா அதைத் தன் மடியில் வைத்திருந்தாள். எடுத்துத் தரவில்லை. டிவியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, எந்த அப்ளிகேசனுக்கு எடுத்த இத?"

அவள் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

பிறகு நிமிர்ந்தாள். தலை திரும்பவில்லை.