திரையில் நின்ற கத்தி

அறுப்பு இயந்திரத்தை ஓட்டும் கணினியின் திரையில் ‘கத்தி நின்றது’ என்று பச்சை எழுத்து ஒளிர்கிறது. பலகை அறுப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, சிக்கிய சிராயை எடுக்க மூடியைத் திறக்கிறார். பொத்தான் அழுந்தியதும் கணினி மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு ஓடிவந்து செய்யவேண்டிய நிரல் வரிகளை எழுதியவள் நான். முதலில் மோட்டாரை நிறுத்து, பிறகு திரைக்குச் சொல். திரை மந்தமாக இருக்கிறதென்று நேற்று அந்த வரிசையைத் திருப்பிப் போட்டதும் நான்தான். இப்போது ‘காட்டிவிட்டேன்’ என்று திரை பதில் சொல்லும்வரை மோட்டார் வரி காத்துக்கிடக்கிறது. பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் இதன் சத்தம் தனியாகக் கேட்கவில்லை; சுற்றுகிற வேகத்தில் கத்தி அசையாததுபோலவே தெரிகிறது. மூடியின் விளிம்பில் மட்டும் வெயில் நடுங்குகிறது. “அண்ணே, கைய எடுங்க!” என்று கத்துகிறேன். “அதான் நின்னுடுச்சுன்னு போட்டிருக்கேம்மா,” என்று திரையைக் காட்டிச் சிரிக்கிறார். காட்டுவது இடது கை. வலது கை மூடிக்குள்ளே.