பேர் கேட்ட திரை

முதலில், "தோழர்களுக்குள் பூட்டு எதற்கு?" என்று தலைவர் சிங்கராயன் சொன்னதால், சங்கத்தின் லினக்ஸ் மடிக்கணினி யாரையும் கேட்காமல் தானாகத் திறக்கும்படி ஆனது. வாசலில் பேர் கேட்டுவந்த நுழைவுத் திரைக்கு வேலை போயிற்று. இரண்டாவதாக, மூடியைத் திறந்த யாரோ வேலைநிறுத்தம் வாபஸ் என்று கடிதம் அடித்தார்கள். மூன்றாவதாக, அடித்தவர் செயலாளர் காந்திமதி என்று, யார் வந்தார் போனார் என்று கணினிக்குள் குறித்துவைக்கும் பதிவேடு எழுதிவைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நீக்கப்போகிறார்கள்.

"திறந்த வீட்டில் நாய் நுழைந்தால், வீட்டுக்காரி பேரையா எழுதுவாய்?" என்று சீறியது திரை.

"யார் வந்தாலும் அந்தம்மா பேரில்தானே உள்ளே விடச் சொன்னார்கள்? நான் என்னத்தைக் கண்டேன் அண்ணே!" என்றது பதிவேடு.

சனிக்கிழமை காலையில் காந்திமதி வந்து, கணினி தானாகத் திறப்பதை நிறுத்திவிட்டுப் போனார். திரை தன் பழைய வாசலில் வந்து நின்றது.

"வந்துட்டாருய்யா வாட்ச்மேன்!" என்று சிரித்தது பக்கத்தில் கிடந்த மவுஸ்.

மாலையில் மூடி திறந்தது. "பேர் என்ன?" என்றது திரை.

வந்த விரல்கள் திகைத்தன. சங்கத்தில் எந்தக் கதவும் அவற்றிடம் பேர் கேட்டதில்லை. பேரைச் சொன்னால் திறக்காமல் இருந்ததும் இல்லை. பெருமையோடு பேரை அடித்தன. திறக்கவில்லை. ஓங்கி மறுபடியும் அடித்தன. இரண்டு தடவையும் அந்தப் பேரைப் பதிவேடு குறித்துக்கொண்டது. பிறகு மூடி படாரென்று சாத்திக்கொண்டது.

"கடிதம் அடித்த அதே விரல்கள்தான்," என்றது விசைப்பலகை.

ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, காந்திமதி மூடியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார்.

"வாசி," என்றது திரை.

பதிவேடு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: "சிங்கராயன்."