ஐயாவுக்குச் சோறு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் மரிய கொறற்றிக்கு. ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதிரே வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா, நோனா. பக்கத்தில், தமிழில் எடுத்துச் சொல்ல வந்திருந்த மதுஷிகா.

“பயப்படாதீங்கக்கா. நீங்க சொல்றத யார் சொன்னதுன்னு வெளிய விட மாட்டோம்,” என்றாள் மதுஷிகா.

இரத்தோட்டை ஸ்டோரில் பெண்கள் சுத்தம் செய்கிற மிளகும் கிராம்பும் நோனாவின் நாட்டுக்குத்தான் கப்பலேறின. அங்கே வரியில்லாமல் இறக்க வேண்டுமானால், இங்கே வேலை செய்கிறவர்களை மனிதராக நடத்த வேண்டும், லஞ்சம் கூடாது என்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தமாம். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். காலையில் மதுஷிகா இதை விளக்கியபோது மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொறற்றியின் கண் மட்டும் றமீஸாவைத் தேடியது.

றமீஸாவைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும். தனக்குப் பிறகு வந்து சேர்ந்தவள். ஆனால் அவளுக்குத்தான் ஜன்னலோர இடம். கொறற்றி தூசிக்குள் இருமிக்கொண்டு கிடந்தாள். சுப்பவைசர் நோபர்ட் கொறற்றியை ‘ஏய்’ என்பான். றமீஸாவை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவான். இன்றைக்கு நோனாவும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம் பேச்சு. என்ன சலுகை வாங்கிக்கொண்டாளோ.

“சொல்லுங்கக்கா.”

“மாதா சாட்சியா நான் பொய் சொல்ல மாட்டேன். லஞ்சம் குடுக்கிறது யாருன்னு கேட்டீங்கல்ல? அந்த றமீஸாதான்.”

பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. வேலை குறைந்த மாதங்களில், காலையில் ஆளெடுக்கிற பெரட்டில் நோபர்ட் பேர் கூப்பிடாதவர்கள் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பேர் வர வேண்டுமென்றால் அவன் மேசையில் மத்தியானச் சோறு போய் உட்கார வேண்டும். ‘ஐயா சோறு’ என்று பெண்களுக்குள் அதற்குப் பேர். முன்பெல்லாம் ஆளுக்கொரு நாள் கட்டி வந்தார்கள். இப்போது றமீஸா நாள் தவறாமல் கொண்டுவருகிறாள். கோழி, கருவாடு, பருப்பு, ஒன்றும் குறைச்சலில்லை.

“அது ஒரு ஆள் திங்கிற பார்சலா பிள்ள? மிச்சத்த அந்தாளு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறாரு.”

“நீங்க குடுக்கிறதில்லையா?”

முன்பு தானும் கொடுத்தவள்தான் என்பதைக் கொறற்றி விழுங்கிவிட்டாள். புருஷன் விழுந்து படுக்கையான பிறகு, வீட்டிலேயே கறிக்கு வழியில்லாமல்தான் நிறுத்தினாள்.

“நான் குடுக்கிறதில்ல. ஆனா என் பேரக் கூப்பிடாம விட்டதும் இல்ல. ஏன்னா என் வேல சுத்தம். கிராம்புல ஒரு காம்பு கெடக்காது.”

மதுஷிகா அதை இங்கிலீசில் சொன்னாள். நோனா பேனையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டாள்.

“றமீஸா அக்காவே இதையெல்லாம் சொல்லிட்டாங்க,” என்றாள் மதுஷிகா. “நான்தான் குடுக்கிறேன், என் பேர மறைக்க வேணாம்னு சொன்னாங்க.”

“அவளேவா?”

“அது ரெண்டு பேருக்கான சோறாம். ஒண்ணு தனக்கு. இன்னொண்ணு இன்னொரு அக்காவுக்காக. அவங்க வீட்டுக்காரர் மிளகு பிடுங்கப் போய் ஏணியிலருந்து விழுந்து கெடக்கிறாராம். அந்த அக்காவுக்கும் வேல இல்லாம போனா வீட்டுல அடுப்பெரியாதுன்னு, அவங்களுக்கும் சேத்து இவங்களே கட்டிட்டு வாறாங்க. அது தெரிஞ்சா அந்த அக்கா கூசிப் போவாங்களாம். அதனால பேர மட்டும் சொல்லல்ல.”

அந்த ஸ்டோரில் ஏணியிலிருந்து விழுந்த புருஷன் ஒருத்திக்குத்தான் இருந்தான்.

மதுஷிகா குரலைத் தாழ்த்தினாள். “இப்ப றமீஸா அக்கா தனியா நிக்கிறாங்க. நோபர்ட் இல்லவே இல்லன்னு சொன்னா, லஞ்சம் குடுத்தவன்னு இவங்களத்தான் வேலையிலருந்து நிப்பாட்டுவாங்க. அந்த அக்காவும் வந்து, சோறு குடுக்காட்டி இங்க வேல இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். முறைப்பாடு நிக்கும். ஒப்பந்தத்துல அதுக்கு எடம் இருக்கு, நோபர்ட் தப்ப முடியாது. யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோபர்ட் நின்றிருந்தான். உள்ளே யார் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அளக்கிற பார்வை. நோனா சாயந்தரம் கொழும்புக்குப் போய்விடுவாள். நாளைக் காலையிலும் பேர் கூப்பிடப்போவது அவன்தான்.

கொறற்றி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினாள்.

“அப்பிடி யாரும் எங்க ஸ்டோர்ல இல்ல, பிள்ள,” என்றாள்.