சமையலறை ஜோசியம்

டிஜிட்டல் ரேடியோ சரியாக எடுக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நாள் முழுக்கப் போனில் சமாதானம் சொல்வதுதான் அவர் வேலை. அன்று தான் புதிதாக வாங்கிய டிஜிட்டல் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டிலேயே அறை அறையாக அலைந்தார். ஜன்னலில் விக்கியது, அலமாரி மேல் ஊமையானது, கடைசியில் செருப்பு ஸ்டாண்டின் மேல் கணீரென்று பேசியது.

"கேட்டியா, என்ன சுத்தம். பழைய ரேடியோ டப்பாவை நாளைக்கே பழைய சாமான் கடையில போட்டுடறேன்."

"அதுபாட்டுக்கு ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்கு?"

கால்பந்து இறுதிப்போட்டி சூடுபிடித்தது.

"இப்ப நம்மாளு கோல் போடுவான் பாருங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் சிரித்து முடிப்பதற்குள் வர்ணனையாளர், "கோல்!" என்று அலறினார்.

பந்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள் அவள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குருட்டு அதிர்ஷ்டம். இன்னொண்ணு சரியாச் சொல்லு, நீ கேக்கறதைத் தரேன்."

சற்று நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி என்றார் வர்ணனையாளர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, "அவங்க ஆளு பந்தை வெளியே அடிச்சுடுவான்."

வெளியேதான் அடித்தான்.

அவர் சமையலறைக்கு ஓடினார். குக்கருக்குப் பின்னால் பழைய ரேடியோ, "இடைவேளை," என்று முணுமுணுத்தது. சில நொடி கழித்துத்தான் செருப்பு ஸ்டாண்டிலிருந்து புதுசும், "இடைவேளை," என்றது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பழசு ஹாலுக்கு வருது. புதுசு செருப்பு ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். செருப்பைக் கழட்டும்போது எல்லாத்தையும் ரெண்டாம் தடவை கேட்டுக்கலாம்."